பருப்பு ஏன் வரவில்லை, யாரிடம் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

விலைவாசியைச் சமாளிக்கத் தமிழ்நாடு அரசு தரும் ரேஷன் பொருட்கள், மகளிர் உரிமைத் தொகை, கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றியும், அவற்றை நம் கையில் கொண்டுவந்து சேர்க்கும் ஊழியர்களைப் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மாதம் பிறந்து பத்து நாளாகியும் எங்கள் கடையில் துவரம்பருப்பும் பாமாயிலும் இல்லை. கேட்டால் "லோடு வரல" என்ற ஒரே பதில்தான். விற்பனையாளர் பதுக்குகிறாரா, உண்மையிலேயே வரவில்லையா, எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, திண்டுக்கல்

அரிசி வரும் வழி வேறு, பருப்பும் பாமாயிலும் வரும் வழி வேறு. பருப்பு, பாமாயில் இரண்டும் 2007-ல் மாநில அரசு தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருகின்றன. நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கி, கிடங்குக்கு அனுப்பி, அங்கிருந்து கடைக்குப் பிரித்துத் தருகிறது. ஒப்பந்தம் முடிவாவது தள்ளிப்போனால் மாநிலம் முழுக்கக் கடைகளில் தட்டுப்பாடு வரும். 2024 மே மாதம் அதுதான் நடந்தது. தேர்தல் நேரத்தில் கொள்முதல் தாமதமானதால், மே மாதத்துப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க வேண்டியிருந்தது.

தட்டுப்பாடு இல்லாத மாதத்திலும் ஒரு கடையின் எல்லா அட்டைகளுக்கும் உரிய பருப்பு ஒரே லாரியில் வந்து இறங்குவதில்லை. பாதி முதலில் வரும், மீதி பிறகு வரும். முதல் லோடு தீர்ந்த பிறகு போகிறவருக்குக் கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார், எனக்கு இல்லை என்றால் உடனே பதுக்கல் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பதுக்கலா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது. உணவுப்பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் கடை வாரியாக இருப்பு விவரம் தெரியும். கடை வாசலில் இருப்புப் பலகையும் எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் 80 கிலோ பருப்பு இருக்கிறது, கடையில் இல்லை என்கிறார்கள் என்றால் அது புகாருக்கு உரிய விஷயம். இரண்டிலும் பூஜ்யம் என்றால் விற்பனையாளர் சொல்வது உண்மை. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய இடம் வட்ட வழங்கல் அலுவலர் அலுவலகம். சென்னையில் மண்டல உதவி ஆணையர் அலுவலகம். 1967 என்ற எண்ணிலும், 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அன்று கையில் தராத பொருளுக்கு அன்று பில் போட விடாதீர்கள். "எல்லாத்துக்கும் சேர்த்துக் கைரேகை வெச்சிட்டுப் போங்க, பருப்பு வந்ததும் தர்றேன்" என்று நல்ல மனதோடு சொல்பவரும் உண்டு. ஆனால் பில் விழுந்த நொடியில் அந்த மாதத்துப் பருப்பை நீங்கள் வாங்கிவிட்டதாகக் கணக்கு முடிந்துவிடும். பிறகு அவர் மாறுதலாகிப் போனாலும், லோடு வராமலே மாதம் முடிந்தாலும் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் மட்டும் பில் போடச் சொல்லுங்கள். பருப்புக்கு இன்னொரு நாள் கைரேகை வைக்கலாம்.

உங்களுக்கு உரிய அளவு என்ன என்பதும் மனப்பாடமாக இருக்கட்டும். துவரம்பருப்பு அட்டைக்கு 1 கிலோ, 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ வரை, கிலோ 25 ரூபாய். மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு 13 ரூபாய் 50 காசு. அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். அந்தியோதயா அட்டைக்கு 35 கிலோ. மற்ற அரிசி அட்டைகளுக்கு ஆள் கணக்கைப் பொறுத்து மாறும். முன்னுரிமை இல்லாத அட்டையில் எத்தனை பேர் இருந்தாலும் 20 கிலோதான் உச்சம். "எங்க வீட்ல ஆறு பேர், ஏன் இவ்வளவுதான்" என்று கேட்பவர்கள் முதலில் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பிஎச்எச் என்றால் முன்னுரிமை, என்பிஎச்எச் என்றால் முன்னுரிமை இல்லாதது. இந்தப் பிரிவைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை, மாற்றவும் அவரால் முடியாது.

பொருளே வாங்கவில்லை. ஆனால் வாங்கியதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது.
– வாசகர், அரியலூர்

செய்தியை அழிக்காதீர்கள். முதலில் வீட்டில் வேறு யாராவது வாங்கினார்களா என்று கேளுங்கள். அட்டையில் பெயர் உள்ள யார் விரல் வைத்தாலும் பொருள் கிடைக்கும் என்பதால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். யாரும் வாங்கவில்லை என்றால் தேதி, நேரம், பொருள், அளவு நான்கையும் குறித்துக்கொண்டு 1967 என்ற எண்ணில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிவையுங்கள். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை வட்டம்தோறும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே எழுத்தில் கொடுத்தால் அலுவலரே நேரில் இருப்பார். பெயர் சேர்த்தல், நீக்கல், கைபேசி எண் மாற்றம் போன்றவற்றுக்கும் அதே முகாம் போதும்.

20 கிலோ அரிசி வாங்கினால் வீட்டுத் தராசில் 19 கிலோ சொச்சம்தான் காட்டுகிறது. இதைத் தட்டிக் கேட்டால் ஊழியரை அவமதித்ததாகுமா?
– வாசகர், தென்காசி

ஆகாது. எடை கேட்பது உங்கள் உரிமை. கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

பொருள் வைப்பதற்கு முன் தராசின் திரையில் பூஜ்யம் தெரிகிறதா என்று பாருங்கள். வாளியிலோ கூடையிலோ அள்ளி எடை போட்டால், காலிப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் போட வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரையிட வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் செய்கிறார். சான்று காலாவதியாகி இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள், அவருக்கும் அது நல்லதுதான். வீட்டுத் தராசையும் ஒருமுறை சோதியுங்கள். கொக்கியில் மாட்டித் தூக்கும் சின்னத் தராசுகள் 20 கிலோவில் எளிதாகப் பிசகும்.

இனி, எடை ஏன் குறைகிறது என்பதற்கு வருவோம். கடைக்கு அரிசி 50 கிலோ மூட்டையாக வருகிறது. சணல் சாக்கின் எடையே அரை கிலோவுக்கு மேல். சுமை இறக்கும்போது கொக்கி குத்திய ஓட்டை வழியாகவும், பிரிந்த தையல் வழியாகவும் அரிசி கொட்டுகிறது. ஒரு மூட்டைக்கு 1 கிலோ குறைந்தாலும் 100 மூட்டைக்கு 100 கிலோ. கணக்கில் 5,000 கிலோ, கையில் 4,900 கிலோ. மாதக் கடைசியில் ஆய்வுக்கு வருபவர் இந்த வித்தியாசத்துக்கு விற்பனையாளருக்குத்தான் அபராதம் போடுவார். அந்தப் பயத்தில் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்துப் போடும் பழக்கம் உண்டாகிறது. அது தவறு, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால் தவறு கவுன்ட்டரில் தொடங்கவில்லை, கிடங்கில் தொடங்குகிறது. அதனால்தான் கிடங்கிலேயே சரியான எடை போட்டுத் தர வேண்டும், பொருட்களைப் பொட்டலமாகத் தர வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. இந்தக் கோரிக்கையில் அட்டைதாரர்களும் சேர்ந்து குரல் கொடுக்க வேண்டும். ஏனென்றால் குறைகிற அரிசி நம்முடையது.

2025 முதல் தராசையும் பில் கருவியையும் புளூடூத் மூலம் இணைத்து வருகிறார்கள். தட்டில் சரியான எடை வந்தால்தான் பில் விழும். இது நமக்குப் பாதுகாப்பு. ஆனால் அரிசி, சர்க்கரை, பருப்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து, கருவி எடையை ஏற்கும்வரை காத்திருக்க வேண்டும். சிக்னல் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை மெதுவாக நகர்வதற்கு விற்பனையாளரின் சோம்பல் காரணமில்லை. நீங்கள் செய்யக்கூடியது: பொருளுக்கு ஒரு பையாகத் தனித்தனியாகக் கொண்டுபோங்கள், பையின் வாயைப் பிரித்துத் தயாராக நில்லுங்கள், சில்லறையை எண்ணிக் கையில் வைத்திருங்கள். பத்துப் பேர் இப்படிச் செய்தாலே வரிசை எவ்வளவு சீக்கிரம் நகர்கிறது என்று பார்ப்பீர்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. கைரேகை பதிவதே இல்லை. மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
– வாசகி, மன்னார்குடி

முதுமையில் விரல் தோல் மெலிந்து ரேகையின் மேடுபள்ளம் தேய்ந்துவிடும். சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் வேலை செய்தவர்களுக்கும், வருடக்கணக்காகப் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் இதே நிலைதான். காய்ந்த விரல் என்றால் ஈரத்துணியால் துடைத்து, ஈரம் போனபின் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலில் விழாவிட்டால் மற்ற ஒன்பது விரல்களையும் முயன்று பார்க்க வேண்டும். பல பேருக்கு மோதிரவிரலில் விழுந்துவிடுகிறது. கருவியின் கண்ணாடியில் பிசுக்கு படிந்திருந்தாலும் பதியாது, அதையும் துடைக்கச் சொல்லலாம். கண் கருவிழிப் பதிவுக் கருவி உள்ள கடையில் அதைக் கேளுங்கள்.

இதெல்லாம் நடக்காவிட்டாலும், கைரேகை விழவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பொருளை மறுக்கக் கூடாது. 2017-ல் மத்திய அரசு இதைத் தெளிவாக எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. விற்பனையாளரிடம் சண்டையாகச் சொல்லாமல், "மாற்று வழியில் பில் போட உங்க மேலதிகாரிகிட்ட கேளுங்க, நான் நிக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கைரேகை இல்லாத பில்கள் அதிகமானால் முறைகேடு என்று அவர்மீது விசாரணை வரும். அலுவலர் சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

அம்மாவால் நடந்து வரவே முடியாது என்றால், வேறொருவரைப் பிரதிநிதியாக நியமிக்கும் அங்கீகாரச் சான்றுப் படிவத்தை நிரப்பி வழங்கல் அலுவலகத்தில் கொடுங்கள். 2025 ஆகஸ்ட் 12-ல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களின் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கும் பொருளே நேரில் வருகிறது. பட்டியலில் அம்மா பெயர் இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். வண்டியோடு தராசையும் பில் கருவியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வருகிறவரும் அதே விற்பனையாளர்தான். அன்றைக்கு வீட்டில் ஆள் இருப்பதும், பையும் அட்டையும் எடுத்துவைத்திருப்பதும் அவருக்குச் செய்யும் பெரிய உதவி.

மகளிர் உரிமைத் தொகை எனக்கு நிராகரிக்கப்பட்டது. என் நாத்தனாருக்கு "வரவு வைக்கப்பட்டது" என்று செய்தி வருகிறது, பணம் மட்டும் கணக்கில் இல்லை. விண்ணப்பம் கொடுத்த ரேஷன் கடை அம்மாவிடம் கேட்டால் கோபப்படுகிறார்.
– வாசகி, ராசிபுரம்

2023 ஜூலையில் வீடு வீடாக விண்ணப்பமும் டோக்கனும் கொண்டுவந்தது ரேஷன் கடை ஊழியர்கள்தான். அதனால் நிராகரிப்புக்கும் அவர்கள்தான் காரணம் என்று ஊரெங்கும் நினைத்துவிட்டார்கள். தகுதியைச் சரிபார்த்தது கணினியில் இருந்த தரவுகள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கார் இருக்கக் கூடாது. விண்ணப்பிப்பவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே மின் இணைப்பில் இரண்டு குடும்பம் இருப்பதும், என்றோ விற்ற கார் இன்னும் உங்கள் பெயரிலேயே இருப்பதும் நிராகரிப்பில் கொண்டுபோய் விடும் வழக்கமான சிக்கல்கள்.

நிராகரிப்புச் செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். "நான் ஏழை" என்று பொதுவாக எழுதாமல், காரணத்துக்கு நேரான ஆவணத்தை இணையுங்கள். கார் என்றால் பெயர் மாற்றிய பதிவுச் சான்று, மின்சாரம் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் தனித்தனிக் குடும்ப அட்டை.

நாத்தனார் விஷயம் வேறு. இந்தப் பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குப் போகும். எப்போதோ நூறு நாள் வேலைக்கோ எரிவாயு மானியத்துக்கோ திறந்த பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கைபேசியில் *99*99*1# அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். பிடித்த வங்கிக்கு மாற்ற, அந்தக் கிளையில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்தால் போதும்.

பணம் வந்தும் குறைகிறது என்றால் குறைந்தபட்ச இருப்பு அபராதமாக இருக்கலாம். 2023 செப்டம்பரில் முதல் தவணை வந்தபோதே சில வங்கிகள் இப்படிப் பிடித்தன, அன்றைய மாநில நிதியமைச்சரே கண்டித்தார். ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா, பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகள் 2025-லும் இந்த அபராதத்தைக் கைவிட்டன. மற்ற வங்கி என்றால், இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

இலவசப் பயணம்தானே, பெண்களுக்கு எதற்குப் பயணச்சீட்டு? வாங்காமல் இறங்கியதற்கு நடத்துநர் சத்தம் போட்டார்.
– வாசகி, உடுமலைப்பேட்டை

அந்தப் பூஜ்யக் கட்டணச் சீட்டை எண்ணித்தான் போக்குவரத்துக் கழகம் அரசிடம் பணம் கேட்கிறது. சீட்டுப் போடாத பயணிக்குக் கழகத்துக்கு ஒரு பைசா வராது, பரிசோதகர் ஏறினால் நடத்துநர்மீது நடவடிக்கை. 2021 மே மாதம் தொடங்கிய இந்தப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்குத்தான். எக்ஸ்பிரஸிலும் டீலக்ஸிலும் கேட்டு அவரை நெருக்க வேண்டாம். அதே சமயம், கட்டணத்தை அரசு செலுத்துகிறது, நீங்கள் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை. "ஓசி" என்று யாராவது சொன்னால் பேருந்து எண், தடம், நேரம், சீட்டு ஆகியவற்றோடு கிளை மேலாளருக்கு எழுதுங்கள். மரியாதை இரண்டு பக்கமும் வேண்டும்.

நான் ரேஷன் கடை விற்பனையாளர். பொருள் குறைந்தாலும், சர்வர் நின்றாலும் வசவு எனக்குத்தான். போன மாதம் ஒருவர் அட்டையை முகத்தில் எறிந்தார். பெண் என்பதால் கேட்கக் கூசும் வார்த்தைகள். நான் என்ன செய்ய முடியும்?
– பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

நிறையச் செய்ய முடியும். பொறுத்துப்போவது வேலையின் ஒரு பகுதி என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

சம்பவம் நடந்த அன்றே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்த இருவர் பெயர் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி, உங்கள் கூட்டுறவுச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து நகலில் ஒப்பம் வாங்குங்கள். கையை நீட்டினால், இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 115(2): ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மிரட்டினால் பிரிவு 351. பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் பிரிவு 79, மூன்றாண்டு வரை சிறை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனுவைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

பாலியல் ரீதியான பேச்சு என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் ஊழியரைக் காப்பது முதலாளியின் கடமை என்கிறது. உங்கள் விஷயத்தில் முதலாளி கூட்டுறவுச் சங்கம். அங்கே இத்தகைய புகாரை விசாரிக்கும் உள்குழு இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் கீழுள்ள உள்ளூர்க் குழுவில் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

சண்டை வராமலே தடுக்கவும் சில வழிகள் உண்டு. காலையில் கடை திறந்ததும் பலகையில் "பருப்பு: 140 அட்டைக்கு மட்டும் வந்துள்ளது, அடுத்த லோடு வந்ததும் தெரிவிக்கப்படும்" என்று எண்ணோடு எழுதுங்கள். எண் தெரிந்தால் சந்தேகம் பாதி அடங்கிவிடும். சர்வர் நின்றால் நேரத்தோடு படம் பிடித்து அலுவலருக்கு அனுப்பிவிட்டு, அதையே வரிசையில் நிற்பவர்களுக்கும் காட்டுங்கள். லாரி இறக்கும்போது மூட்டைகளை எடை போட்டு, குறைவு இருந்தால் சரக்கோடு வரும் சீட்டிலேயே எழுதி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். இறக்கி முடித்துப் பிறகு சொல்லும் குறைவை எவரும் ஏற்க மாட்டார்கள்.

எங்கள் கடை ஊழியர் தங்கமானவர். பொங்கல் பரிசு வாங்கும்போது நன்றியாக 50 ரூபாய் கொடுக்கலாமா?
– வாசகர், சிதம்பரம்

வேண்டாம். உங்களுக்கு அது நன்றி, அடுத்து நிற்பவருக்கு அது கட்டாயம். பார்க்கிற அலுவலருக்கு அது லஞ்சம், அந்தத் தங்கமானவரின் வேலைக்கே ஆபத்து. 2026 பொங்கலுக்கு அட்டைக்கு 3,000 ரூபாயும், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பும் வந்தபோது, ஒரு கடையில் நாளொன்றுக்கு இருநூறு முந்நூறு பேருக்குப் பணம் எண்ணித் தர வேண்டியிருந்தது. ஒரு நோட்டு கூடுதலாகப் போனால் 500 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். டோக்கனில் போட்ட நாளில், போட்ட நேரத்தில் போய், நோட்டை அவர் கண்முன்னே எண்ணிச் சரி என்று சொல்லிவிட்டு நகருங்கள். அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி.

அவருடைய நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிதாகச் சேரும் விற்பனையாளருக்கு முதல் ஓராண்டு தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய், பொருளை எடை போட்டுக் கட்டித் தரும் கட்டுநருக்கு 5,500. பிறகுதான் 8,600-லும் 7,800-லும் தொடங்கும் ஊதிய விகிதம். பல கடைகள் வாடகைக் கட்டடத்தில் இயங்குகின்றன, கழிப்பறை கிடையாது. நாள் முழுக்க நிற்கும் பெண் ஊழியர்கள் தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறார்கள்.

நன்றி சொல்ல நினைத்தால் இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று, அவர் பெயரையும் கடை எண்ணையும் குறிப்பிட்டு, செய்த நல்ல காரியத்தைச் சொல்லி, மாவட்டக் கூட்டுறவு இணைப்பதிவாளருக்கு. பாராட்டுக் கடிதம் பணிப்பதிவேட்டில் சேர்ந்தால் நாளை ஒரு பொய்ப்புகார் வரும்போது அவருக்குத் துணை நிற்கும். இரண்டாவது கிராம சபைக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் எது அடுத்து வருகிறதோ அதில், "நியாய விலைக் கடைக்குக் கழிப்பறை, ஊழியருக்கு நாற்காலி, வரிசையில் நிற்பவருக்கு நிழற்கூரை" என்று மூன்று வரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். நகர்ப்புறம் என்றால் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். தீர்மான நகலைச் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் ரேஷன் கடைக் கட்டடம் கட்டுவது வழக்கத்தில் உள்ளதுதான். கட்டடத் திட்டம் போடும்போதே கழிப்பறையையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் வருடங்கள் ஆகும்.